நெட் ஜீரோ வீடும் மாடி போர்ஷனும்

வீட்டுக்கு பிளான் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது சதுர அடி ரேட். அப்புறம் வாஸ்து. அப்புறம் அப்ரூவல் எப்போது வரும், யாரைப் பார்க்க வேண்டும். கட்டி முடித்த வீடு வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நம் கட்டிட விதிகளே அதைக் கேட்பதில்லையே.

இங்கிலாந்தில் சில ஊர்களில் கேட்கிறார்கள். அங்கே வீடு கட்ட அனுமதி கொடுப்பது உள்ளூர் கவுன்சில், நம்மூர் மாநகராட்சி மாதிரி. என்னோடு காலேஜில் படித்தவன் ஒருவன் இப்போது பாத் நகரத்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் இருக்கிறான். பொழுதன்னைக்கும் அவனுக்கு இந்தக் கணக்குதான் வேலை. "மாப்ள, இங்க பிளானோட கரண்ட் கணக்கையும் சேர்த்துக் குடுத்தாத்தான்டா ஃபைலையே தொடுவாங்க" என்றான் ஒருநாள் போனில். எனக்கு நம்பிக்கை வராமல் அந்த விதிகளைத் தேடி எடுத்துப் படித்தேன். அன்றிலிருந்து மதுரையில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மனதுக்குள் அதன் யூனிட்டை சதுர மீட்டரால் வகுத்துக்கொண்டிருக்கிறேன், வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். பாத் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் சேர்ந்த பாத் அண்ட் நார்த் ஈஸ்ட் சாமர்செட் கவுன்சில் 2023 ஜனவரியில் ஒரு விதியை நிறைவேற்றியது. அடுத்த மாதம் கார்ன்வால் கவுன்சிலும் கிட்டத்தட்ட அதையே கொண்டுவந்தது. புதிதாகக் கட்டும் வீடு, அறைகளைச் சூடாக்குவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 30 யூனிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. சூடாக்குவது, வெந்நீர், சமையல், விளக்கு, ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் சேர்த்தே 40-ஐத் தாண்டக் கூடாது. அந்த 40-ஐயும் அந்த வீடே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும், முடிந்தவரை தன் கூரையிலேயே சோலார் வைத்து. வருஷக் கடைசியில் வாங்கியதும் கொடுத்ததும் சரிக்குச் சரி. இதுதான் அவர்கள் சொல்லும் நெட் ஜீரோ வீடு. அந்த ஏப்ரலில் சென்ட்ரல் லிங்கன்ஷையர் இன்னும் இறுக்கிப் பிடித்தது, மொத்தமே சராசரி 35.

கூரையில் இடமில்லை, பக்கத்துக் கட்டிடம் மறைக்கிறது என்றால் கார்ன்வாலில் அதற்கு ஈடாக ஒரு நிதிக்குப் பணம் கட்டலாம். ஆனால் முதலில் வீட்டின் பசியைக் குறை, பிறகுதான் சோலார், அதுவும் முடியாவிட்டால் பணம். இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் ஆரம்பமே சோலார் பேனல்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வைத்ததால்.

இது திடீரென்று வந்த விதி இல்லை. தெற்கு லண்டனில் மெர்ட்டன் என்ற கவுன்சில் 2003-லேயே, பெரிய கட்டிடங்கள் தங்கள் தேவையில் 10 சதவீதத்தை அங்கேயே புதுப்பிக்கத்தக்க வழியில் உற்பத்தி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது. 2006-ல் பிரிட்டன் அரசே, பத்து வருஷத்தில் புது வீடெல்லாம் ஜீரோ கார்பன் என்று அறிவித்தது. 2008-ல் கவுன்சில்கள் தேசிய விதியைவிடக் கூடுதலாகக் கேட்கலாம் என்று சட்டமே போட்டார்கள். எல்லாம் கூடிவரும் நேரத்தில், கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னால், 2015-ல் அந்த 2016 இலக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அப்போது ஜீரோ கார்பன் இல்லாமல் கட்டிய வீடுகளை இனி இடித்து ஒட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று அங்கே இன்றும் புலம்பல். திட்டம் போடுவது, தள்ளிப் போடுவது, அப்புறம் இரட்டைச் செலவு என்பது நம்மூர்ப் பாலத்துக்கு மட்டும் உரிய விதி இல்லை போல.

அதன் பிறகு வந்ததுதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது. 2023 டிசம்பர் 13 அன்று பிரிட்டன் மத்திய அமைச்சரின் எழுத்து வடிவ அறிக்கை ஒன்று வருகிறது. கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு வேறு அளவு வைத்தால் பில்டர்களுக்குச் செலவும் குழப்பமும் கூடுகிறது, ஆகவே தேசிய விதியைத் தாண்டிக் கேட்கும் கவுன்சில், செலவுக் கணக்கோடு உறுதியான காரணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி. காட்டினாலும் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று கேட்கக் கூடாது. தேசிய விதி வைத்திருக்கும் இலக்கைவிட இத்தனை சதவீதம் குறைவு என்ற வடிவத்தில்தான் கேட்கலாம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். எனக்கும் முதலில் புரியவில்லை, நண்பன்தான் விளக்கினான். அந்த தேசிய இலக்கு எப்படி வருகிறது தெரியுமா? நீ வரைந்த வீட்டையே அதே அளவில், அதே வடிவத்தில் கம்ப்யூட்டரில் கற்பனையாக இன்னொன்று கட்டுவார்கள். அதற்கு ஒரு நிலையான சுவர், ஜன்னல், ஹீட்டர் கொடுத்துக் கணக்குப் போடுவார்கள். உன் வீடு அந்தக் கற்பனை வீட்டைவிட எவ்வளவு மேல் என்பதுதான் சதவீதம். பத்து மூலை, நாலு பால்கனி என்று வெயிலுக்கும் குளிருக்கும் வாயைத் திறந்து வைத்த மாதிரி ஒரு வீட்டை வரைந்தால், அந்தக் கற்பனை வீட்டுக்கும் அதே பத்து மூலை, அதே நாலு பால்கனி. ஆக, மோசமான வடிவத்துக்குத் தண்டனையே கிடையாது. போதாததற்கு ஃபிரிட்ஜ், டிவி, பிளக்கில் மாட்டுவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. முக்கியமாக, வீடு கட்டிக் குடிபோன பிறகு அந்தச் சதவீதத்தை எந்த மீட்டரிலும் பார்க்க முடியாது. 40 யூனிட் என்றால் மீட்டரைப் பார்த்து வகுத்தால் தெரிந்துவிடும். கற்பனை வீட்டுக்கு ஏது மீட்டர்?

பில்டர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே டிசைனை நாடு முழுக்கக் கட்டுகிறவனுக்கு முப்பது மைலுக்கு ஒரு விதி என்றால் தலைவலிதான். ஆனால் அதற்கு மருந்து எல்லோருக்கும் ஒரே நல்ல எண்ணை வைப்பது, அளக்கவே முடியாத சதவீதத்தை வைப்பதல்ல. அந்த அறிக்கையை எதிர்த்து ரைட்ஸ் கம்யூனிட்டி ஆக்‌ஷன் என்ற அமைப்பு கோர்ட்டுக்குப் போய் 2024 ஜூலையில் தோற்றது. அதற்குச் சில மாதம் முன்னால் இதே அமைப்பு வேறொரு வழக்கில் ஜெயித்திருந்தது. மேற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் சால்ட் கிராஸ் என்ற புதுக் குடியிருப்புக்கு வைத்த நெட் ஜீரோ விதியை ஆய்வு அதிகாரிகள் நீர்த்துப்போகச் செய்ததை, அவர்கள் பழைய அரசு அறிக்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லி ஹைகோர்ட் ரத்து செய்தது. இழுபறி அதோடு முடியவில்லை.

சரி, மதுரைக்கு வருவோம்.

1000 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஏசி இல்லை, அல்லது இருந்தும் சித்திரை வைகாசியில் மட்டும் ஓடுகிறது. ஈபி கார்டில் இரண்டு மாதத்துக்குச் சராசரி 350 யூனிட் என்று வையுங்கள். 500-ஐத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் என்பதால் அதற்குள் அடக்கி ஓட்டும் குடும்பம். வருஷத்துக்கு 2100 யூனிட். வகுத்தால் சதுர மீட்டருக்கு 22 சொச்சம். அட, கார்ன்வால் 40 என்று படாதபாடு படுகிறது, ஆனையூரில் ஒரு சாதாரண வீடு ஒன்றுமே செய்யாமல் 22-ல் நிற்கிறது! இந்த இடத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

கேஸ் சிலிண்டர் ஞாபகம் வந்தது. அங்கே 40-க்குள் சமையலும் அடக்கம், இங்கே சமையல் ஈபி கார்டில் வருவதில்லை. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் எரிசக்தியைக் கரண்டாக நினைத்தால் ஏறத்தாழ 180 யூனிட். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் என்றால் 1440. அதையும் சேர்த்து வகுத்தால் 38 வருகிறது. கார்ன்வால் கோட்டைத் தொடும் தூரம். கேஸுக்குப் பதிலாக இண்டக்‌ஷனில் சமைத்தால் இவ்வளவு ஆகாது, கேஸ் அடுப்பில் சூட்டில் ஒரு பங்கு பாத்திரத்துக்கு வெளியேதான் போகிறது, இருந்தாலும் கணக்கில் சிலிண்டரை விட்டுவிட்டு "எங்க வீடு நெட் ஜீரோ" என்று சொல்வது சரிப்படாது.

உற்பத்திப் பக்கம் நமக்குக் கொட்டிக் கிடக்கிறது. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட் தரும், வருஷத்துக்கு 1400-க்கு மேல். இங்கிலாந்தில் அதே பேனல் 900, 1000 கொடுத்தால் பெரிய விஷயம். மேலே சொன்ன வீட்டுக்கு கேஸையும் சேர்த்தே இரண்டரை கிலோவாட் போதும், மொட்டை மாடியில் 250 சதுர அடி. 2024 பிப்ரவரியில் வந்த சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட்டுக்குப் பேனல் விரித்து வைத்திருக்கிற பூமி இது, வெயிலுக்கா பஞ்சம். ஆக வருஷக் கணக்கில் நெட் ஜீரோ என்பது மதுரையில் தனி வீட்டுக்கு ஒரு சாதனையே இல்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அந்த 22 எப்படி வந்தது என்று பாருங்கள். அது வீட்டின் கெட்டிக்காரத்தனத்தால் வந்த எண் இல்லை. வெந்துகொண்டே வாழ்கிறதால் வந்தது.

மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். மதுரையில் பாதி வீடுகள் இந்தக் கணக்கில்தான் கட்டப்படுகின்றன, கீழே ஹவுஸ் ஓனர், மேலே வாடகைக்கு. கீழே இருப்பவருக்கு மாடி வீடுதான் குடை. மேலே இருப்பவர் தலைக்கு மேல் ஐந்து அங்குல ஆர்சிசி சிலாப், அதன் மேல் அதிகம் போனால் ஒரு பூச்சு. பகலெல்லாம் அந்த சிலாப் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் அறைக்குள் விடும். ஃபேன் போட்டால் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஆட்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். பிறகு ஒரு கோடையில் தாங்க முடியாமல் தவணையில் ஒரு ஏசி வாங்குவார்கள், அது விடியும்வரை ஓடும். சிலாப்புக்கு மேல் வெயில் படாமல் செய்யப் பணம் செலவழிக்க வேண்டியவர் ஓனர். கரண்ட் பில் கட்டுவது வாடகைக்கு இருப்பவர். ஓனர் ஏன் செய்வார்? நான் பிளான் போடும்போது, "அண்ணே, மேலே ஒரு நல்ல வெதரிங் கோர்ஸ் போட்டுருவோம்" (சிலாப்புக்கு மேல் வெயிலும் மழையும் இறங்காமல் போடும் அடுக்கு) என்றால் வரும் பதில், "வாடகைக்கு விடுறதுக்கு எதுக்குத் தம்பி அவ்வளவு செலவு". அந்த மாடிக்குப் போய்க் குடியிருக்கப்போவது அவர் மகனாக இருந்தால் மட்டும் பதில் மாறும்.

சோலார் வருஷக் கணக்கு மறைப்பதும் இதைத்தான். பேனல் மத்தியானம் கொடுக்கிறது, ஏசி ராத்திரி எடுக்கிறது. வருஷக் கடைசியில் இரண்டும் சரியாகிவிடும், நெட் ஜீரோ என்று சான்றிதழ்கூட மாட்டலாம். ஆனால் ராத்திரி ஏசிக்கு வரும் கரண்டில் பெரும்பங்கு எங்கோ நிலக்கரி எரித்து வருவதுதான். அதனால் கார்ன்வாலில் "முதலில் அறையைச் சூடாக்கும் தேவையைக் குறை" என்று வைத்த இடத்தில், மதுரைக்கு எழுதினால் முதல் வரி கூரையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சிலாப் வழியாக இவ்வளவுக்கு மேல் வெப்பம் உள்ளே இறங்கக் கூடாது, மேற்குச் சுவரில் நிழல் வேண்டும், அதன் பிறகு பேனல்.

நமக்கு அந்த எண்ணும் இருக்கத்தான் செய்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்கு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2-ஐத் தாண்டக் கூடாது, சுவரும் ஜன்னலும் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. வெறும் ஆர்சிசி சிலாப் அந்த 1.2-ஐப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மாநிலங்கள் தங்கள் கட்டிட விதியில் சேர்த்தால்தான் அது கட்டாயம் ஆகும், அதுவும் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைக் கருதி எழுதியது. 500 சதுர மீட்டர் என்றால் 12 சென்டுக்கு மேல். ஐயர் பங்களா, ஊமச்சிகுளம் பக்கம் எனக்கு வருகிறவர்கள் மனை இரண்டரை சென்ட், மூன்று சென்ட். ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு சென்டிலும் மூன்று மாடி நிற்கிறது. அடுக்குமாடிக்குப் பயன்படும், வெந்துகொண்டிருக்கும் மாடி போர்ஷனைத் தொடாது.

மதுரை மாநகராட்சி, கார்ன்வால் மாதிரி தானாக ஒரு விதி போட முடியுமா? நடைமுறையில் முடியாது. 2019-ல் இருந்து தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கட்டிட விதித்தொகுப்பு. மலைப் பகுதிக்கென்று சில தனி நிபந்தனைகள் இருந்தாலும், அடிப்படை ஊட்டிக்கும் அதே, மதுரைக்கும் அதே. குளிரில் நடுங்கும் ஊருக்கும் 40 டிகிரியில் கொதிக்கும் ஊருக்கும் வீட்டின் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதில் ஒரே விதி இருக்கலாம், கூரைக்கு எப்படி ஒரே விதி இருக்கும்? (ஊட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு கார்ன்வால் விதியையே எடுத்துப் போடலாம்.) இந்த விஷயத்தில் லண்டன் மத்திய அமைச்சரும் நம் கோட்டையும் ஒரே மனசுக்காரர்கள்: உள்ளூர்க்காரன் தனியாக எதையும் கூட்டிக் கேட்டுவிடக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விதி போட்டுவிட்டால் மட்டும் நடந்துவிடும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். மெர்ட்டன் விதி வந்த அதே 2003-ல்தான் இங்கே ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அந்த வேகத்துக்குப் பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்று நான் பார்க்கும் பிளான்களில் மழைநீர்த் தொட்டி ஒரு சின்ன வட்டமாக மூலையில் உட்கார்ந்திருக்கும், வீட்டில் போய்ப் பார்த்தால் அந்த மூலையில் பைக் நிற்கும். குழாய் இருக்கும், குழி இருக்காது. குழி இருந்தால் மண் மூடி இருக்கும். விதி கேட்டது படத்தில் ஒரு வட்டம், வட்டம் கொடுத்தாயிற்று. எத்தனை லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போனது என்று விதி கேட்கவும் இல்லை, கேட்டாலும் அளக்க வழியும் இல்லை.

சோலாரைக் கட்டாயமாக்கினாலும் இதே கதிதான் ஆகும் என்று பயமாக இருக்கிறது. இப்போது 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம், முதல் தளம் வீடுகளுக்கு 2024 ஜூலையில் இருந்து சுயசான்றில் ஆன்லைனில் உடனடி அனுமதி. நல்ல விஷயம், அலைச்சல் குறைந்தது, யாரையும் 'கவனிக்க' வேண்டிய அவசியமும் குறைந்தது. ஆனால் கட்டுவதற்கு முன்னாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை, சின்ன வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை என்பதால் கட்டி முடித்த பிறகும் யாரும் வருவதில்லை. இதில் கூரையில் என்ன போட்டார்கள் என்று யார் ஏறிப் பார்ப்பது?

யாரும் ஏற வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஈபி அசெஸர் வருகிறார் அல்லவா, அவர் போதும். வீட்டின் சதுர அடி பிளானில் இருக்கிறது, யூனிட் மீட்டரில் இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்திடமே இருக்கிறது, வேறு வேறு கம்ப்யூட்டரில். இரண்டையும் சேர்த்து வகுத்தால் புது வீடு ஒவ்வொன்றின் எண்ணும் தெரிந்துவிடும். லண்டன் மாநகரத் திட்டத்தில் 2021-ல் இருந்து இப்படி ஒன்று இருக்கிறது, பெரிய கட்டிடங்கள் கட்டி முடித்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷத்துக்குத் தங்கள் எரிசக்திக் கணக்கை வெளியே காட்ட வேண்டும். கவுன்சில்கள் கேட்கும் 40 என்ற எண்ணுக்கு மதிப்பே இப்படித் திரும்பிப் போய்ப் பார்க்க முடிவதில்தான் இருக்கிறது. அங்கே அதற்காகத் தனியாக ஏற்பாடு செய்கிறார்கள், நம்மிடம் அது ஏற்கெனவே வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறது. கேஸ் புக்கிங் கணக்கும் சேர்ந்தால் முழுப் படம்.

இதில் ஓட்டைகள் உண்டு, எனக்கே தெரிகிறது. சதுர மீட்டரால் வகுக்கும்போது பெரிய வீட்டுக்காரருக்கு லாபம். அழகர்கோவில் ரோட்டில் 3000 சதுர அடி பங்களாவில் கணவன் மனைவி இரண்டு பேர், அவர்கள் எண் அழகாக வரும். வில்லாபுரத்தில் 600 சதுர அடியில் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர், அவர்கள் எண் எகிறும். அதற்காக எட்டுப் பேரையும் குற்றவாளி ஆக்க முடியுமா? இந்தக் குறையை இங்கிலாந்து விதிகளும் சரிசெய்யவில்லை. அதனால் எண்ணை வைத்து யாருக்கும் அபராதம் போட வேண்டாம். வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் வைத்தால் எனக்குப் போதும். ஒரே தெருவில் ஒரே அளவு மாடி போர்ஷன் இரண்டு காலியாக இருந்து, ஒன்று ஏப்ரல், மே பில்லில் 300 யூனிட், இன்னொன்று 700 யூனிட் என்று எழுதியிருந்தால், வாடகைக்கு வருகிறவர் எதற்கு 500 ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று தானே முடிவு செய்வார். அப்போது அந்த ஓனர் அண்ணன் வெதரிங் கோர்ஸ் பற்றி என்னிடம் வேறு மாதிரிப் பேசுவார்.

இன்னொன்று, இது மொத்தக் கணக்கையும் கொஞ்சம் ஆட்டிவிடக் கூடியது: சிமெண்ட். 1000 சதுர அடிக்கு சுமார் 400 மூட்டை, நாலு டன் கம்பி என்பது எல்லா மேஸ்திரிக்கும் தெரிந்த கைக்கணக்கு. அனல் மின்நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த சிமெண்ட் ஒரு மூட்டை தயாரிக்க 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 12 டன். கம்பிக்கு டன்னுக்கு இரண்டு என்று குறைத்தே வைத்தாலும் 8 டன். செங்கல், ஜல்லி, லாரி எதையும் சேர்க்காமலே 20 டன். அந்த வீடு வருஷத்துக்கு இழுக்கும் 2100 யூனிட்டுக்கு, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால், ஒன்றரை டன். அதாவது கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே பதின்மூன்று வருஷக் கரண்டுக்கான புகையை விட்டாயிற்று. கார்ன்வால் மாதிரி குளிர் ஊரில் சூடாக்கும் செலவு பெரியது, அதனால் அவர்கள் அந்த 30-ஐயும் 40-ஐயும் துரத்துவது நியாயம். நம் ஊரில் குறைவாக இழுக்கும் வீட்டுக்கு, கட்டும்போது ஆவதுதான் பெரிய தொகை. இங்கே நெட் ஜீரோ விதி எழுத உட்காருகிறவர்கள் அங்கிருந்து அப்படியே எடுத்து எழுதினால் பெரிய மீனை விட்டுவிட்டுச் சின்ன மீனைப் பிடித்த கதையாகும். ஃப்ளை ஆஷ் கல்லும், தேவைக்கு மேல் தடிமன் இல்லாத சிலாபும், கம்பியை "சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு போடு" என்று அள்ளிப் போடாத டிசைனும் சோலாரைவிட முன்னால் வர வேண்டியவை. "கம்பி கூடப் போட்டா வீடு ஸ்ட்ராங்கு" என்று நம்புகிற வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த இஞ்சினியரைத் தேடிப் போய்விடுவார்.

விதி வரும்வரை நான் செய்வது இவ்வளவுதான். பிளானோடு சேர்த்து ஒரு தாளில் இந்தக் கணக்கையும் எழுதிக் கொடுக்கிறேன்: இத்தனை சதுர மீட்டர், ஏசி இல்லாமல் இத்தனை யூனிட், ஏசியோடு இத்தனை, கூரையைச் சரிசெய்தால் எவ்வளவு குறையும், எத்தனை கிலோவாட் பேனல் போட்டால் சரிக்குச் சரி. பேனலுக்கு இப்போது பணம் இல்லாவிட்டாலும் மாடியில் இருந்து மீட்டர் போர்டு வரை ஒரு காலிப் பைப்பைச் சுவருக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறேன், அதற்குச் செலவு சொற்பம், பிறகு சுவரை உடைக்க வேண்டாம். தண்ணீர் டேங்கையும் ஹெட்ரூமையும் (மாடிப்படி முடியும் இடத்துக் கூண்டு) வடக்குப் பக்கம் தள்ளுகிறேன், பேனல் மேல் நிழல் விழாது. வாஸ்துக்காரர் சில சமயம் குறுக்கே வருவார், அது தனிப் பஞ்சாயத்து. பெரும்பாலோர் அந்தத் தாளை மடித்து பிளானுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள்.

இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தத் தாளைப் பிரித்துப் படித்து, கால்குலேட்டரை எடுத்து என் கணக்கில் ஓர் இடத்தில் சந்தேகமும் கேட்டு, "மாடி போர்ஷனுக்கும் செஞ்சுருங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். மேலே பெயிண்ட் வேண்டாம், பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டையான சுட்ட ஓடு பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசை. ஆனால் ஜல்லியைப் பதமாக அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது அகப்படுவதில்லை, இருக்கிற கொத்தனார்கள் எல்லோரும் ஒரே நாளில் டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போவதற்குத்தான் தயார். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் எந்தப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த வேலை தெரிந்த செட் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.